பி2பி தொழில்நுட்பமே சட்டவிரோதமா? புராஜெக்ட் நடுவில் நிற்கிறது

கோவை_ஹாஸ்டல் | செவ்வாய், இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை இறுதியாண்டு படிக்கிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து புராஜெக்டுக்கு ஒரு பி2பி (கணினிக்குக் கணினி நேராக ஃபைல் பகிரும்) செயலி எழுதியிருக்கிறோம். எங்கள் ஹாஸ்டல் பிளாக்கில் 62 பேர். லேப் வீடியோ, உபுண்டு ஐஎஸ்ஓ (உபுண்டு இயங்குதளத்தை நிறுவும் ஃபைல்) மாதிரி பெரிய ஃபைல்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் தேவைப்படும். எல்லாரும் கல்லூரி சர்வரிலிருந்து இறக்க ஆரம்பித்தால் விடிய விடியச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒருவருக்கு வந்த துண்டைப் பக்கத்து அறைக்காரர் அவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிற மாதிரி செய்தோம். டொரண்ட் வேலை செய்கிற முறைதான். ஆனால் ஹாஸ்டலின் உள் நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே போகாது.

நேற்று இரண்டாவது ரிவ்யூ. துறைத் தலைவர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். "பி2பி என்றாலே சட்டவிரோதம். கல்லூரி பெயர் கெட்டுவிடும். வேறு தலைப்பு எடுங்கள்" என்றார். மூன்று மாத உழைப்பு. அவர் சொல்வது உண்மையா? இந்தத் தொழில்நுட்பத்தையே தடை செய்கிற சட்டம் ஏதாவது இருக்கிறதா?

பழைய_மோடம் | செவ்வாய், இரவு 10:51

இல்லை தம்பி. பி2பி எழுதக்கூடாது, வைத்திருக்கக்கூடாது என்று சொல்லும் பிரிவு இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. நடுவில் ஒரு பெரிய சர்வர் இல்லாமல் இரண்டு கணினிகள் நேராகப் பேசிக்கொள்கின்றன, அவ்வளவுதான் விஷயம். ஸ்கைப் ஆரம்ப வருடங்களில் இப்படித்தான் ஓடியது. ஸ்பாட்டிஃபை 2014 வரை பாட்டின் துண்டுகளைக் கேட்பவர்களின் கணினிகளிலிருந்தே எடுத்துக் கொடுத்தது. விண்டோஸ் 10 வந்தபோது, அப்டேட்டைப் பக்கத்துக் கணினியிலிருந்து வாங்கும் வசதி உள்ளேயே இருந்தது. டெபியன், உபுண்டு என்ற இலவச இயங்குதளங்கள் இரண்டும் தங்கள் தளத்திலேயே டொரண்ட் கொடுக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகம் 2012 முதல் கொடுக்கிறது. உங்கள் துறை லேபில் இதில் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டப் பக்கம் பார்த்தால் கதை வீடியோ டெக்கில் ஆரம்பிக்கிறது. சோனி பீட்டாமேக்ஸ் ரெக்கார்டர் விற்றது. டிவி நிகழ்ச்சியை மக்கள் பதிவு செய்துகொள்கிறார்கள் என்று யூனிவர்சலும் டிஸ்னியும் 1976-ல் வழக்குப் போட்டன. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சோனி பக்கம் நின்றது. ஒரு கருவிக்குச் சட்டத்துக்கு உட்பட்ட கணிசமான பயன் இருந்தால், அதை விற்றதற்காக மட்டும் விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. அந்த வழக்கில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ் சாட்சி சொன்னார். தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து பிறகு பார்ப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஒரு ஓட்டு மாறியிருந்தால் விசிஆர் என்ற பொருளே வீட்டுக்கு வந்திருக்குமா என்று யோசியுங்கள்.

ட்ரெஸ்டன்_அக்கா | புதன், அதிகாலை 2:20

கருவி சட்டப்படி சரிதான். ஆனால் இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தால், என் கதையைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

2018 நவம்பர். எனக்கு முதல் செமஸ்டர். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே போட்டுவைக்கும் பணத்தை மாதாமாதம் தரும் கணக்கு) மாதம் 720 யூரோ வரும். வாடகை, இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். ஒரு சனிக்கிழமை இரவு, ஊர்ப் பழக்கத்தில் ஒரு ஆங்கிலப் படத்தை டொரண்டில் போட்டேன். நாற்பது நிமிடத்தில் இறங்கியது. பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன். லேப்டாப்பை மூடவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து நான் ரசம் தாளித்துக்கொண்டிருக்கும்போது, உடன் தங்கியிருந்த ஜெர்மன் பெண் ஒரு தடித்த கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இன்டர்நெட் இணைப்பு அவள் பெயரில். அதனால் வக்கீல் கடிதமும் அவள் பெயருக்கே வந்திருந்தது. இதற்கு இங்கே அப்மானுங் என்று பெயர். தேதி, நொடி வரைக்கும் நேரம், ஐபி முகவரி, அந்த ஃபைலின் ஹாஷ் எண் (ஃபைலின் கைரேகை மாதிரி), எல்லாம் அச்சடித்திருந்தது. 915 யூரோ கட்ட வேண்டும், இனி செய்ய மாட்டேன் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்து அவள் புரிந்துகொண்டாள். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான இலவசச் சட்ட ஆலோசனை இருந்தது. அங்கே இருந்தவர் கடிதத்தை வரிவரியாக விளக்கினார். அப்போதுதான் கவனித்தேன். "படத்தை இறக்கினீர்கள்" என்று அதில் குற்றச்சாட்டே இல்லை. "பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தீர்கள்" என்றுதான் இருந்தது. டொரண்டில் நமக்கு ஒரு துண்டு வந்த உடனே, நாம் கேட்காமலே அது அடுத்தவருக்குப் போக ஆரம்பித்துவிடும். நான் பார்வையாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கண்ணில் நான் விநியோகஸ்தர். உறுதிமொழியின் வாசகத்தைத் திருத்தி, தொகையையும் குறைத்து, தவணையில் கட்டி முடித்தேன்.

ஒலித்தச்சன் | புதன், காலை 8:05

இந்த மாதிரி இழை வரும்போதெல்லாம் "தொழில்நுட்பம் சட்டபூர்வமானது, கத்தி மாதிரி, பிடிக்கிறவன் கையில் இருக்கிறது" என்று யாராவது எழுதுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

நான் வடபழனியில் சவுண்ட் வேலை பார்க்கிறவன். சின்ன பட்ஜெட் படம் ஒன்று. ஒரு மழைக் காட்சிக்காகப் படப்பையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இரண்டு இரவு மைக் வைத்துக் காத்திருந்து நிஜ மழையைப் பிடித்தோம். தகரத்தில் விழுவது தனி, ஓலையில் விழுவது தனி, தேங்கிய தண்ணீரில் விழுவது தனி. படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். சனிக்கிழமை காலை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் போனில் அந்த மழை கேட்டது. தியேட்டரில் வைத்து எடுத்த பிரிண்ட். ஸ்பீக்கரில் ஏதோ பொரிகிற சத்தம் மாதிரி இருந்தது. கடைசித் தவணை 35 ஆயிரம் எனக்கு வரவே இல்லை. தயாரிப்பாளரைத் திட்டவும் மனசு வரவில்லை, அவரே வீட்டை அடமானம் வைத்திருந்தார்.

தம்பியின் புராஜெக்ட் நல்ல நோக்கத்தோடு இருக்கலாம். ஆனால் "சட்டபூர்வம்" என்ற சொல்லை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

பழைய_மோடம் | புதன், காலை 9:30

ஐயா, உங்கள் கோபம் நியாயம். கத்தி உவமையை நானும் ஏற்கவில்லை. கத்தி விற்றவருக்கு, வாங்கியவர் வீட்டில் என்ன நறுக்குகிறார் என்று தெரியாது. நேப்ஸ்டருக்குத் தெரிந்தது. 1999-ல் வந்த அந்தச் செயலியில் பாட்டு ஒருவர் கணினியிலிருந்து இன்னொருவர் கணினிக்கு நேராகத்தான் போனது. ஆனால் யாரிடம் என்ன பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் நேப்ஸ்டரின் சர்வரில் இருந்தது. ஒவ்வொரு தேடலும் அவர்கள் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். தெரிந்தும் தடுக்கவில்லை, தடுக்கும் வசதி கையில் இருந்தும் தடுக்கவில்லை என்று 2001-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த வருடம் ஜூலையிலேயே மூட வேண்டியதாயிற்று. அதே தீர்ப்பில், பி2பி என்ற அமைப்பை வைத்து மட்டும் பொறுப்பைச் சுமத்த முடியாது என்ற கருத்தும் இருந்தது. தவறு கருவியில் இல்லை, அதை நடத்திய விதத்தில் இருந்தது.

நெறியாளர் | புதன், காலை 11:02

புதுப்பட டொரண்ட் இணைப்பு போட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். விவாதம் தொடரட்டும்.

ஒசாகா_வாசி | புதன், மதியம் 1:44

ஜப்பானில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே மென்பொருள் எழுதுகிறவர்கள் மத்தியில் இந்தப் பேச்சு எடுத்தால் ஒரு பெயர் வராமல் இருக்காது: இசாமு கனேகோ.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர். 2002-ல் வின்னி என்ற பி2பி மென்பொருளை எழுதி, 2சேனல் என்ற அரட்டைத் தளத்தில் பெயர் போடாமல் இலவசமாக வெளியிட்டார். அந்த இழையில் அவருடைய பதிவின் எண் 47. அதனால் ஆட்கள் அவரை "47 ஷி" (திரு. 47) என்றே கூப்பிட்டார்கள். வின்னியில் நடுச் சர்வர் கிடையாது. ஃபைல் மறைகுறியாக்கத்தோடு பலர் கணினி வழியாகத் தாவித் தாவிப் போகும். முதலில் யார் போட்டார் என்று கண்டுபிடிப்பது மிகக் கஷ்டம். லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தினார்கள். அதில் படமும் கேமும் ஏராளமாக ஓடியது உண்மை.

2003 நவம்பரில் கியோத்தோ போலீஸ் இரண்டு பயனாளர்களைப் பிடித்தது. அதோடு நிற்கவில்லை. 2004 மே மாதம் கனேகோவையே கைது செய்தது. அவர் எதையும் திருடிப் போடவில்லை. குற்றச்சாட்டு, மற்றவர்கள் செய்த மீறலுக்கு உடந்தை என்பது. அப்போது அவருக்கு வயது 33. 2006 டிசம்பரில் கியோத்தோ மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி 15 லட்சம் யென் அபராதம் போட்டது. 2009 அக்டோபரில் ஒசாகா உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு விடவில்லை. 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் விடுதலையை உறுதி செய்தார்கள். மென்பொருள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படும். எழுதியவர் தன் தளத்தில் மீறலுக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தார். பெருவாரியானவர்கள் மீறலுக்குத்தான் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்து அதை ஏற்றுக்கொண்டு வெளியிட்டார் என்பதற்கு ஆதாரம் போதாது. தீர்ப்பின் சாரம் இதுதான்.

ஆனால் அந்த ஏழரை வருடம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். இடையில் ஆன்டின்னி என்ற வைரஸ் வின்னி வழியாகப் பரவியது. தொற்றிய கணினியில் இருக்கும் ஃபைல்களை அது தானாகவே நெட்வொர்க்கில் போட்டுவிடும். போலீஸ் ஆவணம், தற்காப்புப் படை ஆவணம் எல்லாம் வெளியே வந்தன. 2006 மார்ச்சில் அமைச்சரவைத் தலைமைச் செயலாளராக இருந்த ஷின்சோ அபே, வின்னியைப் பயன்படுத்த வேண்டாம் என்று மக்களிடம் நேராகக் கேட்டுக்கொண்டார். அந்த ஓட்டையை அடைக்கத் தெரிந்த ஆள் கனேகோ. ஆனால் வழக்கு நடக்கும்போது வின்னிக்குத் திருத்தம் வெளியிட்டால் அதுவே மறுபடி உடந்தை என்று ஆகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடுதலைக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது ஒன்றரை வருடம். 2013 ஜூலையில் மாரடைப்பு. 42 வயது. கோவைத் தம்பியின் துறைத் தலைவர் ஏன் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிகிறது. நிரபராதி என்று தீர்ப்பு வாங்குவதற்குள் ஒரு மனிதரின் நல்ல வயசு போய்விட்டது.

மதுரை_வக்கீல் | புதன், இரவு 8:15

நம் நாட்டு நிலையைச் சொல்கிறேன். முதலில் ஒரு சொல் திருத்தம். இங்கே பலர் காப்புரிமை என்று எழுதுவார்கள். அது பேட்டண்ட். நாம் பேசுவது பதிப்புரிமை.

1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63. தெரிந்தே மீறுபவரும், மீறலுக்கு உடந்தையாக இருப்பவரும் குற்றவாளிகள். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது, காரணம் எழுதி நீதிமன்றம் குறைக்கலாம். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கனேகோ மேல் போட்ட அதே "உடந்தை" என்ற சொல் நம் பிரிவிலும் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் "தெரிந்தே" என்ற சொல்லும் கூடவே இருக்கிறது.

சும்மா பார்த்தாலே மூன்று வருடம் ஜெயில் என்று 2016-ல் முடக்கப்பட்ட தளங்களில் ஒரு எச்சரிக்கை வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாசகத்தை மாற்றச் சொன்னது. குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதியில்லாமல் விநியோகிப்பது, பொதுவில் திரையிடுவது, விற்பது, வாடகைக்கு விடுவது இதில்தான் என்றது. ட்ரெஸ்டன் அக்காவின் கடிதத்தில் இருந்த அதே கோடு.

சென்னையில் இன்னொரு சம்பவம். 2012-ல் "3" படத்துக்காக வாங்கிய தடையாணையைக் காட்டி இணைய நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. அதில் விமியோ என்ற வீடியோத் தளமும் போயிற்று. குறும்படம் எடுக்கும் பையன்கள் தங்கள் சொந்தப் படத்தையே பார்க்க முடியாமல் நின்றார்கள். ஜூன் மாதம் நீதிமன்றம், புகார் சொன்ன முகவரியை மட்டும் தடுங்கள், தளத்தை மொத்தமாக மூடாதீர்கள் என்று தெளிவுபடுத்தியது.

சரி, தம்பிக்கு ஒரு கேள்வி. ரிவ்யூவில் என்ன ஃபைலை வைத்து டெமோ காட்டினீர்கள்? ஸ்லைடில் என்ன எழுதியிருந்தீர்கள்?

கோவை_ஹாஸ்டல் | புதன், இரவு 9:40

சார், இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். டெமோவுக்கு, அந்த வாரம் வந்த ஒரு புதுப்படத்தின் ஃபைலைத்தான் வைத்தோம். ஹாஸ்டலில் எல்லாரிடமும் இருந்தது, 2.8 ஜிபி, வேகத்தைக் காட்ட வசதியாக இருக்கும் என்று நினைத்தோம். முதல் ஸ்லைடில் "எந்தப் படமும், எந்தப் பாட்டும், நிமிடங்களில்" என்று எழுதியிருந்தோம். அந்த ஸ்லைடில்தான் அவர் நிறுத்தினார்.

ஒலித்தச்சன் அண்ணா, உங்கள் பதிவைக் காலையில் படித்தேன். பகல் முழுக்க அதே நினைப்புதான். மன்னித்துவிடுங்கள்.

பழைய_மோடம் | புதன், இரவு 10:25

தம்பி, உங்கள் ஸ்லைடுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது: க்ராக்ஸ்டர்.

நேப்ஸ்டர் மூடிய பிறகு ஓடிய இன்னொரு பி2பி செயலி அது. நடுவில் பட்டியல் சர்வர் இல்லை, எங்களுக்கு எதுவும் தெரியாது, பீட்டாமேக்ஸ் தீர்ப்பு எங்களைக் காக்கும் என்று வாதிட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் ஜெயித்தார்கள். 2005 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைக் கலைத்தார்கள். காரணம் மென்பொருளின் நிரல் இல்லை. அவர்கள் பேசிய பேச்சு. நேப்ஸ்டரை விட்டு வந்த பயனாளர்களை இழுக்கப் போட்ட திட்டம், விளம்பர வாசகம், உள்ளுக்குள் எழுதிய கடிதங்கள், இதெல்லாம் மேசைக்கு வந்தது. மீறுவதற்குப் பயன்படுத்துங்கள் என்று தூண்டி ஒரு கருவியைக் கொடுத்தால் அந்த மீறலுக்கு நீயும் பொறுப்பு என்றார்கள். வடிகட்டி வைக்காததையும் ஒரு அடையாளமாகப் பார்த்தார்கள். ஆனால் அது மட்டுமே போதாது என்றும் எழுதினார்கள். அந்த நவம்பரிலேயே க்ராக்ஸ்டர் 5 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டு மூடியது.

ஒரே மாதிரி கருவி கொடுத்த இரண்டு பேர். "மீறாதீர்கள்" என்று எழுதிவைத்த கனேகோ விடுதலை. "வாருங்கள்" என்று கூப்பிட்ட க்ராக்ஸ்டர் காலி. முதல் பதிவில் உங்கள் துறைத் தலைவர் சொன்னது தவறு என்று எழுதினேன். சட்டத்தைப் பற்றி அவர் சொன்ன வாக்கியம் இப்போதும் தவறுதான். ஆனால் அந்த ஸ்லைடில் நிறுத்தியது சரி.

ஒலித்தச்சன் | வியாழன், காலை 7:50

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒளிக்காமல் சொன்னீர்களே, அது போதும்.

ஒன்று கேட்கிறேன். எங்களுக்கு ரஷ் ஃபுட்டேஜ் (எடிட் செய்யாத படப்பதிவு) ஒரு நாளைக்கு 400, 500 ஜிபி வரும். எடிட், சவுண்ட், சிஜி என்று மூன்று ஆபீஸுக்கு ஹார்டு டிஸ்க்கைப் பையன் பைக்கில் கொண்டுபோகிறான். போன வருடம் மழையில் ஒன்று போயேவிட்டது. ஒரே கட்டடத்துக்குள் பத்து சிஸ்டத்துக்கு இந்த மாதிரி துண்டு துண்டாக அனுப்ப உங்கள் செயலியில் முடியுமா? வெளியே ஒரு ஃபிரேம்கூடப் போகக்கூடாது.

கோவை_ஹாஸ்டல் | வியாழன், காலை 8:31

முடியும் அண்ணா. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் இருப்பதால், வழியில் ஒரு பிட் மாறினாலும் அந்தத் துண்டை மட்டும் மறுபடி வாங்கிக்கொள்ளும். எந்தெந்தக் கணினி சேரலாம் என்று சாவி கொடுத்துப் பூட்டிவிடலாம். அதைத்தான் காட்டியிருக்க வேண்டும்.

மதுரை_வக்கீல் | வியாழன், மதியம் 12:10

துறைத் தலைவரை மறுபடி பார்க்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். லேப் வீடியோக்களுக்குக் கல்லூரியிடம் ஒரு பக்கம் அனுமதிக் கடிதம் கேளுங்கள். ஆசிரியர்கள் வேலையின் பகுதியாக எடுத்தது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் கல்லூரிதான். ஆகவே கொடுக்கவேண்டியதும் அவர்களே. ஃபைலைச் சேர்க்கும் உரிமையை ஆசிரியர் கணக்குக்கு மட்டும் வையுங்கள். ரீட்மீயில் (செயலியோடு வரும் விளக்கக் குறிப்பில்) என்ன எழுதப்போகிறீர்கள் என்று இங்கே போடுங்கள்.

கோவை_ஹாஸ்டல் | அடுத்த திங்கள், மாலை 6:45

இன்று பார்த்தோம். இருபது நிமிடம் உட்கார வைத்துக் கேட்டார். வின்னி வழக்கைச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டார். அனுமதிக் கடிதத்தைக் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு அவரே அனுப்புகிறார். மூன்றாவது ரிவ்யூ வரை நேரம் கொடுத்திருக்கிறார். டெமோ இந்த முறை உபுண்டு ஐஎஸ்ஓ.

ரீட்மீயின் முதல் பத்தி: "கல்லூரி வளாகத்துக்குள் எந்தப் பெரிய ஃபைலையும் வேகமாகப் பகிர உதவும் செயலி. உரிமையாளரின் அனுமதி இல்லாத படம், பாட்டு, புத்தகம் எதையும் இதில் சேர்க்காதீர்கள்."

மதுரை_வக்கீல் | அடுத்த திங்கள், இரவு 7:20

இரண்டாவது வாக்கியம் அப்படியே இருக்கட்டும். முதல் வாக்கியத்தில் "எந்தப் பெரிய ஃபைலையும்" என்பதை எடுத்துவிட்டு "துறை ஆசிரியர்கள் சேர்த்த பாடக் கோப்புகளை" என்று போடுங்கள்.

கோவை_ஹாஸ்டல் | அடுத்த திங்கள், இரவு 7:26

மாற்றிவிட்டேன் சார்.